றோயின் இரட்டைக்குழல் துவக்கு

கிரான்பர்ன்
அவுஸ்திரேலியா
23.03.2025, ஞாயிறு

அன்புள்ள இரஞ்சிதத்துக்கு,

இங்கே நான், வினுஷா, லூக், வினுஷாவின் வயிற்றில் இருக்கும் பிள்ளை, எல்லோரும் சுகம். இதை முதல் வரியிலேயே எழுதக் காரணம் உண்டு. இந்தக் கடிதத்தில் துவக்கு, தோட்டா என்ற சொற்கள் நிறைய வரும். அவற்றைக் கண்டவுடன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு எனக்குப் போன் எடுக்க வேண்டாம். கடைசி வரை வாசியும். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

யோகா இப்போது தடி இல்லாமல் கிணற்றடி வரை நடக்கிறா என்று நீர் சொன்னது பெரிய ஆறுதல். இடுப்பில் சத்திரசிகிச்சை செய்து இரண்டு மாதத்தில் அவ்வளவு நடப்பது நல்ல முன்னேற்றம். உமது தங்கைக்கு உம்மைப் போலவே பிடிவாதம் இருப்பது இப்போது உதவுகிறது. இங்கே உமது கறிவேப்பிலை நன்றாகத்தான் நிற்கிறது. வெயில் குறையத் தொடங்கிவிட்டதால் தொட்டியைச் சுவரோடு நகர்த்தி வைத்திருக்கிறேன்.

போன கிழமை நீர் போன் எடுத்தபோதெல்லாம், வினுஷா வீட்டில் தொட்டில் பூட்டுகிறேன் என்று சொன்னேன். தொட்டில் பூட்டியது உண்மை. ஆனால் அதற்கு அரை நாள்கூடப் போகவில்லை. மிச்ச நாட்களில் நடந்ததைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உமக்குப் பக்கத்தில் ஆட்கள் இருப்பார்கள். நீரும் பாதியில் குறுக்கே கேட்பீர், நானும் பயந்து பாதியை விழுங்கிவிடுவேன். எங்கள் தெருப் பிரதீப்குமார் செவ்வாய்க்கிழமை யாழ்ப்பாணம் புறப்படுகிறார். அதனால்தான் எழுதி அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

லூக்கின் அப்பா றோய் போன ஆவணியில் செத்துப்போனது உமக்குத் தெரியும். நீர் செத்தவீட்டுக்குப் போகவில்லை, நான் மட்டும் போனேன். றோயிடம் ஒரு இரட்டைக்குழல் துவக்கு இருந்தது. இங்கிலாந்தில் செய்தது, லூக்கின் பாட்டனார் காலத்துச் சாமான். லூக்கின் தாய் அதை முறைப்படி மகனின் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டா. இந்த வருடம் தாராப் பறவை வேட்டை தொடங்கும் நாளில் தகப்பனுடைய துவக்கோடு சதுப்புக்குப் போகவேண்டும் என்பது லூக்கின் ஆசை. பங்குனி, அதாவது மார்ச், பத்தொன்பது, புதன்கிழமை, வேட்டை தொடங்கும் நாள்.

நான் அதற்கு முந்தின ஞாயிறு காலை செயில் நகரில் வினுஷா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். வினுஷா வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து கதவைத் திறந்தாள். லூக் எங்கே என்று கேட்டேன். பின்னால் ஷெட்டில் நிற்கிறார் என்றாள். தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு நானே போனேன். என்னைக் கண்டதும் அவர் மேசையில் இருந்ததைத் துவாயால் அவசரமாக மூடினார். துவக்கை முதலில் குசினி மேசையில் வைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என் கார்ச் சத்தம் கேட்டதும் ஷெட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். மூட வேண்டாம், பார்க்கலாமா என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. அந்த முகத்தைப் பார்த்தபோது கேட்காமல் இருக்க முடியவில்லை.

அவர் துவக்கைத் திறந்து, வெறுமையாக இருப்பதைக் காட்டி, பிடியைக் கழற்றி வைத்துவிட்டுக் குழல்களை மட்டும் என் கையில் தந்தார். இரஞ்சிதம், எத்தனை துவக்குகளுக்கு முன்னால் நாங்கள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறோம். தொட்டது இதுதான் முதல் தடவை. கை குளிர்ந்தது. பிறகு, உமக்குச் சிரிப்பு வரும், என் தொழில் முன்னுக்கு வந்துவிட்டது. இருபத்தாறு வருடம் டண்டினோங் தொழிற்சாலையில் இரும்பில் துளை போட்டு, அந்தத் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே சம்பளம் வாங்கியவன் நான். குழலையும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணால் பார்த்தேன். இடது குழல் கண்ணாடி மாதிரி இருந்தது. வலது குழலில், நுனிக்கு இரண்டு அங்குலம் இருக்க, மோதிரம் போல ஒரு மெல்லிய நிழல் தெரிந்தது. வெளியில் விரலை ஓட்டினேன். விரலுக்கும் தட்டுப்பட்டது. இரும்பு வீங்கியிருந்தது.

இதால் சுட்டுப் பார்த்தீரா என்று லூக்கிடம் கேட்டேன். முந்தின நாள் பின்னேரம் பின் வளவில் மட்டையைக் கட்டி வைத்து ஒவ்வொரு குழலாலும் இரண்டு வெடி வைத்தாராம். உருக்குச் சன்னத் தோட்டா, சின்னச் சின்ன உருக்குக் குண்டு நிரப்பினது. இங்கே தாராவுக்கு ஈயச் சன்னம் பாவிக்கக்கூடாது. சதுப்பில் விழும் ஈயத்தைத் தாராக்கள் கல் என்று விழுங்கி நஞ்சேறிச் சாவதால், இருபது வருடத்துக்கு மேலாகத் தடை. கடையில் கேட்டால் எல்லோருக்கும் உருக்குத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். அப்போது வினுஷா எங்கே நின்றாள் என்று கேட்டேன். அவருக்கு இடது பக்கத்தில், காதைப் பொத்திக்கொண்டு நின்றாளாம். பிறகு ஓடிப்போய் மட்டையில் ஓட்டைகளை எண்ணினாளாம்.

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

விஷயம் இதுதான். அந்தக் காலத்துத் துவக்குகளின் குழல் நுனிக்குக் கிட்ட உள்ளே ஒடுங்கியிருக்கும், சன்னம் சிதறாமல் போவதற்கு. சோக் என்கிறார்கள். ஈயம் மிருதுவானது, நெளிந்து போய்விடும். உருக்கு நெளியாது. அது ஒடுங்கிய இடத்தில் இடித்துக்கொண்டு போகும்போது மெல்லிய பழைய குழல்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டே வெடியில் நிழல் விழுந்திருக்கிறது என்றால் புதன்கிழமை முப்பது நாற்பது வெடிக்கு என்ன ஆகும்? இதை நான் நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இந்தத் துவக்கைத் தொடாதேயும், இது முடிந்துபோன சாமான் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

லூக் கோபப்படவில்லை. எண்ணெய்த் துணியை மடித்து வைத்தார். பிறகு, உங்கள் குடும்பத்துக்குத் துவக்கு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், அதை நான் மதிக்கிறேன், ஆனால் இது என் அப்பாவுடையது என்றார். அதோடு ஒரு கேள்வியும் கேட்டார்: “இதை நீங்கள் சொல்லுகிறீர்களா, அம்மா சொல்லச் சொன்னவவா?”

அவர் அப்படி நினைத்ததில் பிழையும் இல்லை. கலியாணம் பேசின காலத்தில் அவர்கள் வீட்டுக்குள் நடைவழியில் துவக்குப் பெட்டியைக் கண்டு, சாப்பாட்டுக் கதிரையில் இருந்து எழும்பி நீர் காரில் போய் இருந்ததை அந்தப் பிள்ளை மறக்கவில்லை. அதன் பிறகு அந்த வாசலை நீர் மிதிக்கவில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

சத்தம் கேட்டு வினுஷா வந்துவிட்டாள். “அப்பா, ப்ளீஸ். நீங்க வந்து ரெண்டு மணித்தியாலம்கூட ஆகேல்ல” என்றாள். பிறகு எல்லாம் இங்கிலிஷில். அம்மா வரமாட்டா, நீங்கள் வந்தால் இதற்குத்தான் வருவீர்கள் என்று சொல்லி அழுதாள். நான் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன். கோபித்துக்கொண்டு போகிறேன் என்றுதான் அவள் நினைத்தாள். வாசலில் நின்று கையும் காட்டவில்லை.

நான் கோபித்துக்கொண்டு போகவில்லை. என் வேலைச் சாமான் பெட்டியை எடுக்கப் போனேன். ஓய்வு பெற்ற அன்று கராஜில் வைத்த பெட்டி, துளையின் உள் அகலம் அளக்கும் கேஜ் எல்லாம் அதில்தான் இருந்தது. வாயால் சொன்னால் அது அம்மாவின் கதை, அப்பாவின் கதை என்று ஆகிவிடும். அளந்து காட்டினால் இலக்கத்தோடு ஒருவரும் கோபிக்க முடியாது. போய் வர நாலு மணித்தியாலத்துக்கு மேல். திங்கட்கிழமை பத்து மணிக்கு நான் திரும்பிப் போய் இறங்கியபோது லூக் வேலைக்குப் போகாமல் கேற்றடியில் நின்றார். பெட்டியைக் கண்டதும் வாங்கிக்கொண்டு போய் ஷெட் மேசையில் வைத்தார்.

நான் அளக்கவில்லை, அவரைத்தான் அளக்கவிட்டேன். அவரும் பால் பண்ணைகளில் இயந்திரம் திருத்துகிறவர், வேலை பழகின கை. குழலின் உள் அகலம் பதினெட்டு தசம் நாலு மில்லிமீற்றர். நுனியில் ஒரு மில்லிமீற்றர் குறைவு. அந்த நிழல் விழுந்த இடத்தில், ஒரு தாளின் தடிப்பு அளவு கூடுதல். மூன்று தரம் அளந்து, மூன்று தரமும் அதே இலக்கத்தை மட்டையில் எழுதினார். பிறகு எனக்குத் தெரியாத ஒன்றை அவரே கண்டுபிடித்தார். தோட்டா வைக்கும் அறையை அளந்துவிட்டுத் தோட்டாப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். அறை அறுபத்தைந்து மில்லிமீற்றர். பெட்டியில் எழுபது என்று போட்டிருந்தது. தோட்டா சரியாகத்தானே உள்ளே போனது என்றார். பிறகு தானே விளங்கிக்கொண்டார். வெடிக்க முதல் தோட்டாவின் வாய் மடிந்திருக்கும், அதனால் குட்டையாக இருந்து உள்ளே போய்விடும். வெடிக்கும்போது மடிப்பு விரிந்து நீளும். நீள இடமில்லாமல் வழியை அடைத்துக்கொள்ளும், அமுக்கம் ஏறும். இதைச் சொல்லும்போது அவருடைய கண் வீட்டுப் பக்கம் போனது. அங்கே குசினி ஜன்னலில் வினுஷா கோப்பை கழுவிக்கொண்டு நின்றாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேருமாக, துவக்குத் திருத்துகிற ஒரு பெண்ணிடம் போனோம். பெயர் லொறெய்ன், அறுபத்தைந்து வயது இருக்கும். செயிலில் இருந்து முக்கால் மணித்தியாலம். துவக்கை வாங்கிப் பார்த்துவிட்டு, குழலின் உள்ளே பார்க்கவும் இல்லை, லூக்கைப் பார்த்தா. “நீ றோயின்ர மகனா?” என்று கேட்டா. ஈயம் தடை செய்த வருடமே றோய் இந்தத் துவக்கை அவவிடம் கொண்டுவந்திருக்கிறார். உருக்குச் சன்னம் இதற்கு ஆகாது என்று அவ சொல்ல, அதோ அந்தக் கதிரையில் அரை மணித்தியாலம் முகத்தை நீட்டிக்கொண்டு இருந்தாராம். பிறகு உருக்குக்கு ஏற்ற புதுத் துவக்கு ஒன்றை வாங்கிக்கொண்டு போனாராம். லூக்குக்கு இது தெரியாது. அப்பா இதை வெளியில் எடுக்காமல் வைத்தது தனக்காகப் பத்திரப்படுத்தத்தான் என்று இத்தனை வருடம் நினைத்திருக்கிறார். அவர் கடைக்கு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். நான் பின்னால் போகவில்லை.

என்னுடைய பிழையையும் எழுதவேண்டும். முடிந்துபோன சாமான் என்று நான் சொன்னது சரியில்லை. இடது குழலுக்கு ஒன்றும் ஆகவில்லை, வலது குழலின் வீக்கத்தைத் திருத்திப் பார்க்கலாம், அதுவரை சுடக்கூடாது என்று லொறெய்ன் சொன்னா. திருத்திய பிறகும் அறுபத்தைந்து நீளத்தில் பிஸ்மத் என்ற மிருதுவான உலோகச் சன்னம் போட்ட தோட்டாதான். ஈயம் மாதிரியே நெளியும், தாராவுக்கு நஞ்சும் இல்லை, விலைதான் கூட. உருக்குச் சன்னம் கூடாத பொருளும் இல்லையாம். அதற்கென்று சோதித்து முத்திரை குத்திய துவக்கில் தாராளமாகப் பாவிக்கலாம். எது எதற்கு என்று கேட்காமல் போடுவதுதான் பிழை.

அந்தப் பெட்டித் தோட்டாவோடு புதன்கிழமை போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று லூக் கேட்டார். பயமுறுத்திப் பேசுகிற மனுசி இல்லை அவ. அநேகமாக இன்னும் வீங்கியிருக்கும், இரண்டு குழலையும் சேர்த்திருக்கும் பற்று விட்டிருக்கும் என்றா. பிறகு சுவரில் மாட்டியிருந்த ஒரு குழல் துண்டைக் காட்டினா. இடது கை பிடிக்கும் இடத்தில் அது வாழைப்பூ மடல் மாதிரி விரிந்திருந்தது. வரும் வழியில் லூக் காரை ஓரமாக நிறுத்தினார். “அவள் என் இடது பக்கத்தில் நின்றவள்” என்று மட்டும் சொன்னார். நான் அவருடைய தோளில் கை வைத்தேன். பிறகு காரை நானே ஓட்டினேன்.

வீட்டுக்குப் போனதும் அவரே வினுஷாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. பிள்ளை உள்ளே இருந்து உதைத்தது என் வயிற்றில் தெரிந்தது.

புதன்கிழமை லூக் றோயின் புதிய துவக்கோடு போனார். நானும் போனேன், இரஞ்சிதம். கூப்பிட்டார், மறுக்க மனம் வரவில்லை. எட்டு மணிக்குத்தான் வெடி வைக்கத் தொடங்கலாம். கார் நிறுத்தும் இடத்தில் வேட்டையை எதிர்க்கிற சில பெண்கள் பதாகையோடு நின்றார்கள். நான் எந்தப் பக்கம் நிற்க வேண்டியவன் என்று எனக்கே விளங்கவில்லை. ஒரு பெண் எனக்குக் குளிருக்குக் கோப்பி ஊற்றித் தந்தா, குடித்தேன். எட்டு அடித்ததும் சதுப்பின் நாலு பக்கத்தாலும் வெடி கேட்டது. கோப்பி முழுவதும் சப்பாத்தில். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

தூரத்தில் இருந்து லூக் கண்டிருக்கிறார். இரண்டு தாராவோடு நிறுத்திக்கொண்டு தண்ணீருக்குள்ளால் நடந்து வந்தார். கரைக்கு ஏற முதலே துவக்கைத் திறந்து, குழலுக்குள்ளால் வெளிச்சம் தெரிகிற மாதிரி எனக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். அப்படி ஒரு மனிதன் துவக்கோடு எங்களை நோக்கி வந்ததை நீரும் நானும் கண்டதில்லை.

அப்போதுதான் உமது அண்ணாவின் கதையை அவருக்குச் சொன்னேன். உம்மைக் கேட்காமல் சொன்னது பிழைதான், மன்னியும். வான் வண்டியில் துவக்கோடு வந்தவர்கள், கேற்றடியில் அவரைச் சுட்டது, நீர் பத்தொன்பது வயதில் வீட்டுக்குள் நின்றது, அவ்வளவுதான் சொன்னேன். நாலு வருடமாக நாங்கள் அவருக்கு முகத்தைச் சுளித்துக் காட்டினோமே ஒழியக் காரணத்தைச் சொல்லவில்லை. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். அடுத்த நாள் நாங்கள் ஒருவரும் கேட்காமல் லொறெய்னுக்குப் போன் எடுத்து, பிள்ளை பிறக்கும் காலத்தில் வீட்டில் இருக்கும் துவக்குகள் எல்லாவற்றையும் அவவின் கடையில் பூட்டி வைக்க ஒழுங்கு செய்துவிட்டார். வினுஷாவின் அம்மா வந்தால் வசதியாக இருக்கும் என்றார். வந்தால் என்றுதான் சொன்னார்.

தாராவை வினுஷா எங்கள் தூள் போட்டுக் காய்ச்சினாள். லூக்கின் தாயும் வந்து சாப்பிட்டா. மெதுவாகக் கடிக்கச் சொல்லி லூக் சொன்னதை மறந்து, நான் ஒரு சன்னத்தைக் கடித்துப் பல்லில் சின்னத் துண்டு போய்விட்டது. இதுதான் இந்தக் கிழமையின் முழுச் சேதம்.

பிள்ளைக்கு ஆனி நடுப்பகுதி என்று சொல்லியிருக்கிறார்கள். நீர் திரும்பி வர ரிக்கற் போட்டிருப்பது ஆவணியில். அந்தத் திகதியைப் போடும்போது நான் ஒன்றும் கேட்கவில்லை, நீரும் சொல்லவில்லை. இப்போது கேட்கிறேன். எனக்காக இல்லை, என்னுடைய சமையல் இன்னும் ஐந்து மாதம் என்னைத் தாங்கும். வினுஷா தொட்டில் அறையில் இரண்டாவது கட்டிலுக்கு ஒரு புது விரிப்பு விரித்து வைத்திருக்கிறாள். அது யாருக்கு என்று நான் கேட்டபோது மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

யோகாவுக்கு என் அன்பு. உமது உடம்பையும் பார்த்துக்கொள்ளும். அம்மன் துணை இருக்கட்டும்.

உம்முடைய,
அருந்தவன்



கொக்குவில்
04.04.2025

அன்புள்ள வினுஷா அப்பாவுக்கு,

பிரதீப்குமார் தம்பி கடிதத்தைக் கொண்டுவந்து தந்தார். கடைசி வரை வாசிக்கச் சொன்னீர்கள், வாசித்தேன். வினுஷா எந்தப் பக்கத்தில் நின்றவள் என்ற இடத்தில் மட்டும் எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்து திரும்ப இருந்தேன். பல்லை உடனே டொக்டரிடம் காட்டுங்கள். அந்தப் பக்கத்தால் சாப்பிட வேண்டாம்.

யோகாவுக்கு இனி நான் தேவையில்லை என்று அவளே சொல்கிறாள். ரிக்கற்றை வைகாசி இருபத்தெட்டுக்கு மாற்றிவிட்டேன். விமானநிலையத்தில் இருந்து கிரான்பர்னுக்குப் போகவேண்டாம், நேரே செயிலுக்குக் கொண்டுபோய் விடுங்கள்.

துவக்குகளைக் கடைக்குக் கொண்டுபோய் வைக்க வேண்டாம் என்று அவருக்குச் சொல்லுங்கள். செத்துப்போன தகப்பனின் சாமானை என்னால் அவர் வீட்டுக்கு வெளியே போடக்கூடாது. பெட்டி பூட்டியிருந்தால் போதும், திறப்பு அவரிடமே இருக்கட்டும். முதல் இரண்டு மூன்று நாள் அந்தப் பக்கம் நான் பார்க்கமாட்டேன். பிறகு சரிவரும்.

அண்ணாவைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நீங்கள் சொன்னது அவரின் கடைசி ஐந்து நிமிஷம் மட்டும்தான். அண்ணா எப்படிச் சிரிப்பார், என்ன பாட்டுக் கேட்பார், என்னைச் சைக்கிளில் எங்கெல்லாம் ஏற்றிக்கொண்டு போனவர் என்பது உங்களுக்கே தெரியாது. அதை லூக்குக்கு நானே சொல்லுவேன். என்னுடைய இங்கிலிஷ் காணாவிட்டால் வினுஷா பக்கத்தில் இருந்து சொல்லட்டும்.

பிள்ளைகள் இருவரும், வரப்போகிறதும், நல்லாயிருக்க வேணும். லூக்குக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அவரின் பெயரை நான் ஒரு கடிதத்தில் எழுதுவது இதுதான் முதல் தடவை.

இரஞ்சிதம்